வீட்டார் உழைப்புக்குப் பேரேட்டில் பக்கம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பரம்பரைத் தொழில்களை வாரிசுகள் கைவிட்டுப் போவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இளைய தலைமுறைக்கு உழைப்பில் நாட்டமில்லை, மாதச் சம்பள மோகம் பிடித்துவிட்டது என்பதே அதன் சாரம். அந்த மோகம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் ஒரு வாரிசையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். என் அம்மா புரூஃப் பார்த்த, அதாவது அச்சுப்பிழை திருத்திய, கணக்கைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்களுடையது அச்சகம். தாத்தா தொடங்கினார், அப்பாவும் சித்தப்பாவும் நடத்தினார்கள், இப்போது நான் நடத்துகிறேன். கீழே அச்சகம், மேலே வீடு. டிரெடில் என்ற அச்சு இயந்திரம் ஓடும்போது மாடியில் குடத்துத் தண்ணீர் வளையம் வளையமாக அதிரும். பள்ளி விட்டு வந்தால் பையை மாடிப்படியில் வைத்துவிட்டு நேராகக் கீழே போய்விடுவோம். யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடத் தேவையும் இருந்ததில்லை. பில் புத்தகங்களுக்கு எண் போடுவது, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்புத் தாள்களை வரிசை மாறாமல் அடுக்குவது, அடுக்கியதைத் தட்டி ஓரத்தைச் சமன் செய்வது, கோந்து தடவிக் காயவைப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. கொஞ்சம் வளர்ந்ததும் எழுத்துப் பிரித்துப் போடச் சொல்வார்கள். அச்சாகி முடிந்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வோர் எழுத்தையும் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். தமிழ் எழுத்துக் கேஸில் அறைகள் ஏராளம். அச்செழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். அறை மாறிப் போட்டால் அடுத்த வேலையில் அது பிழையாக வந்து நிற்கும்; போட்ட கை எது என்று சித்தப்பா எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

அச்செழுத்து என்பது ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது என்ற அம்மாவின் கண்டிப்புதான் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். கை கறுப்பாக இருக்கிறதே என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தாளை இரண்டு விரலால் நெருடி அதன் கனத்தைச் சொல்வது, ரீம் கட்டின் ஓரத்தை விரித்து ஐந்தைந்தாக எண்ணுவது, மை காய்ந்துவிட்டதா என்று தொடாமலே பார்ப்பது என்று வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத வித்தைகள் எங்களுக்குத் தெரிந்திருந்தன. வாடிக்கையாளரிடம் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். அந்தப் படிப்புக்கு இன்றுவரை வேறு பள்ளி இருப்பதாகத் தெரியவில்லை.

அச்செழுத்துக் கோக்கும் எங்கள் மூத்த கம்பாசிட்டரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். அப்பாவைவிட வயதில் பெரியவர் என்றாலும் பிள்ளைகள் நாங்களும் அண்ணன் என்றே கூப்பிட்டோம். சனிக்கிழமை மாலை அவரும் மற்றவர்களும் வரிசையாக வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவார்கள். வாரம் முழுக்க அவர் பக்கத்தில் நின்று எழுத்துப் பிரித்த என் உடன்பிறந்த அண்ணன் அந்த வரிசையில் ஒரு நாளும் நின்றதில்லை. நிற்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வேண்டியதைக் கேட்டால் அப்பா கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வரவேண்டிய பணம் வராத நாளில் கேட்டால் கிடைக்காது. அதனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். கல்லூரிக் கட்டணம் கேட்பதற்கும் அதே முகம்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அண்ணன் படித்து முடித்து வெளியே வேலைக்குப் போனான். முதல் மாதச் சம்பளம் வந்த அன்று என்னிடம் அவன் சொன்னது, "நான் யாரிடமும் கேட்கவில்லை, அதுவாகவே வந்துவிட்டது." தொகையைப் பற்றி அவன் பேசவே இல்லை. கீழே அச்சகத்தில் அவன் செய்த வேலை இதைவிடக் கடினமானது. கட்டுரையாளர் இவனைத்தான் உழைப்புக்கு அஞ்சியவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

அச்சகம் பாகம் பிரிந்தபோது இந்தக் கணக்கில்லாத உழைப்பின் முழு அளவும் தெரியவந்தது. ஆஃப்செட் என்ற புதிய அச்சுமுறை வந்து டிரெடிலுக்கு வேலை குறைந்து, புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதா வேண்டாமா என்பதில் தொடங்கிய பேச்சு, பிரிந்துவிடலாம் என்பதில் போய் நின்றது. இயந்திரங்களுக்கு விலை போட ஆள் வந்தார், போட்டார். கிடங்கில் இருந்த தாளை எண்ணினார்கள். ஈயத்தை எடை போட்டார்கள். வரவேண்டிய பாக்கிகளை வரும், வராது என்று இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். இவ்வளவும் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான வழக்கு ஆரம்பித்தது. "பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இயந்திரத்தடியில் நின்றவன் நான், நீங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள்" என்றார் சித்தப்பா. "நான் வெயிலில் அலைந்து ஆர்டர் பிடித்து வராவிட்டால் நீ எந்த இயந்திரத்தை ஓட்டியிருப்பாய்?" என்றார் அப்பா. இரண்டும் உண்மை. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், இருவருக்கும் வேண்டியவர், "எழுதி வைத்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு வரிகூட இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் கல்லாவிலிருந்து எடுத்ததெல்லாம் 'வீட்டுச் செலவு' என்ற ஒரே தலைப்பில் கலந்து கிடந்தது. அதில் எது உழைப்புக்கான கூலி, எது முதலாளியின் பங்கு, எது எங்கள் பல் வைத்தியச் செலவு என்று பிரம்மாவாலும் பிரிக்க முடியாது.

அப்போது நான் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தொகை எழுதிப் பழகியவள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று பரணிலிருந்த பேரேடுகளை என்னிடம் கொடுத்தார்கள். அப்பாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தாளுக்கு ஒரு பக்கம், மைக்கு ஒரு பக்கம், மின்சாரம், வண்டிக் கூலி, எழுத்து வார்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். 'புரூஃப்' என்றும் ஒரு பக்கம் இருந்தது. ஏட்டுக்கு ஏடு அந்தத் தலைப்பை எழுதிக் கீழே வெறுமையாக விட்டிருந்தார். இரண்டு ஏடுகளில் மட்டும் அதன் கீழ்த் தொகை இருந்தது. வெளியாள் ஒருவருக்கு ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதிக்கு) இவ்வளவு என்று பேசிக் கொடுத்திருக்கிறார். தேதியைப் பார்த்தேன். ஒன்று அண்ணன் பிறந்த சமயம். மற்றொன்று நான் பிறந்த சமயம்.

மற்ற நாளெல்லாம் புரூஃப் பார்த்தது அம்மா. இரவுச் சமையல் முடிந்த பிறகு உட்காருவார். மூலப்படியை நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் அச்சுப் படியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள் திற, மேற்கோள் மூடு, புதிய பத்தி என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொருளைக் கவனித்தால் பிழை தப்பிவிடும் என்பார். அதனால் நல்ல கதை வந்தால் அவருக்குப் பிடிக்காது. கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, பள்ளி மலர், ஜாதகக் குறிப்பேடு, முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் எங்கள் கூடத்தைக் கடந்துதான் அச்சேறின. தட்டச்சில் வந்த ஆய்வேடு ஒன்றின் மேற்கோள் பாட்டில் ஒரு சீர் விட்டுப்போயிருப்பதை அம்மா காட்டிய பிறகு, அந்தப் பேராசிரியர் அடுத்த வேலைக்கும் எங்களிடமே வந்தார். வேறு அச்சகத்தில் கட்டணம் குறைவு என்று தெரிந்தும் வந்தார். அந்த ஆர்டரை அப்பா பிடித்ததாகத்தான் எங்கள் வீட்டு வரலாறு சொல்கிறது.

இந்த வேலைக்கு விலை உண்டு என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. வெளியாளிடம் பேரம் பேசியிருக்கிறார், முடிவு செய்திருக்கிறார், கொடுத்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். அம்மா மகப்பேறு முடிந்து மீண்டும் விளக்கடியில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் பழையபடி வெறுமையாகிவிட்டது.

வேலைப் பதிவேட்டிலிருந்து புத்தக வேலைகளை மட்டும் எடுத்து, ஃபாரங்களைக் கூட்டி, அந்த வெளியாளுக்குக் கொடுத்த விலையைக் கால மாற்றத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஒரு கணக்குப் போட்டேன். வந்த தொகை, விலை போட வந்தவர் டிரெடிலுக்குச் சொன்ன விலையைவிட அதிகம். அதை நடுவரிடம் கொடுத்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை யார் கேட்டார்கள்?" என்றார். சித்தப்பாவோ, "அப்படியானால் உன் சித்தி மடித்துத் தைத்த பைண்டிங்குக்கும் போட வேண்டும்" என்றார். அதுவரை அந்த இரண்டு பெண்கள் செய்தது வேலை என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. எதிர்த்தரப்புக்குக் காட்டப் பயன்படும் என்றதும் இருவர் மனைவியரும் மாபெரும் உழைப்பாளிகளாகிவிட்டார்கள். கல்யாணமாகிப் போகும்வரை கம்போஸ் செய்துகொண்டிருந்த அத்தையின் பெயரைச் சொல்ல அங்கே ஆளே இல்லை. கடைசியில் நடுவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, குத்துமதிப்பாகச் சரிபாதி என்றார். அச்சு எங்களுக்கு, பைண்டிங் அவர்களுக்கு. இருவருக்கும் திருப்தி இல்லை. பல ஆண்டுகள் பேச்சுவார்த்தையும் இல்லை.

எங்கள் வீட்டு விவகாரத்தை ஊருக்குச் சொல்வதேன் என்று நினைப்பீர்கள். இது எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. விவசாயம், மளிகை, தச்சுப் பட்டறை, மருந்துக்கடை என எந்தக் குடும்பத் தொழிலின் பாகப்பிரிவினையிலும் இதே வழக்குதான் என்று பட்டயக் கணக்காளராக இருக்கும் என் தோழி சொல்கிறாள். சில நாடுகள் இதற்குச் சட்டமே எழுதியிருக்கின்றன என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிரான்சில் 1939-ஆம் ஆண்டிலேயே வேளாண் குடும்பங்களுக்காக ஓர் ஆணை வந்தது. பதினெட்டு வயதைக் கடந்த மகனோ மகளோ சம்பளமும் லாபப் பங்கும் இல்லாமல் பெற்றோரின் பண்ணையில் உழைத்தால், அவர்களுக்கு ஒரு வேலை ஒப்பந்தம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கூலி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெற்றோர் இறந்து சொத்தைப் பிரிக்கும்போது முதலில் அந்தக் கூலியைக் கழித்துக் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேல் கோர முடியாது என்ற வரம்பு உண்டு. ஓராண்டுக்கு எவ்வளவு என்பதைக் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வீட்டோடு இருந்து உழைத்த பிள்ளைக்கும் வெளியே போய்ச் சம்பாதித்த பிள்ளைக்கும் சம பங்கு என்னும்போது எழுகிற மனக்கசப்பை இதைவிட நேராக யாரும் தொட்டதாக நான் படித்ததில்லை. பிறகு 1982-இல் வணிகர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் கடையில் வேலை செய்யும் கணவர் அல்லது மனைவிக்கும் அங்கே தனிச் சட்டம் வந்தது.

இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1975-இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத் தொழில் பற்றி உரிமையியல் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலில் தொடர்ந்து உழைக்கும் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தார், மைத்துனர் உள்ளிட்டோருக்குப் பராமரிப்பு மட்டுமல்லாமல், உழைப்பின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப லாபத்தில் பங்கு உண்டு. தொழிலின் மதிப்பு வளர்ந்தால் அந்த வளர்ச்சியிலும் பங்கு உண்டு. லாபத்தை என்ன செய்வது, தொழிலை மூடுவதா என்பதை உழைப்பவர்கள் பெரும்பான்மையாக முடிவு செய்ய வேண்டும். பெண்ணின் வேலை ஆணின் வேலைக்குச் சமமாகக் கருதப்படும் என்று தனி வாக்கியமாகவே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "நல்ல சட்டம்தான். அதில் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சடித்தார்களாமா?" என்று கேட்டார்.

பிரிட்டனில் சட்டம் எழுதவில்லை, நீதிமன்றம்தான் பார்த்துக்கொள்கிறது. உறவினர் ஒருவரின் பண்ணையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் உழைத்தவரின் வழக்கு 2009-இல் பிரபுக்கள் சபை வரை போனது. அன்று அதுதான் அங்கே உச்ச நீதிமன்றம். பண்ணை உனக்குத்தான் என்று அந்த முதியவர் வாய் திறந்து சொன்னதே இல்லை. குறிப்பாக, ஜாடையாக, தம் காப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்து, "இது நான் செத்த பிறகு கட்ட வேண்டிய வரிக்கு" என்கிற மாதிரி மட்டுமே உணர்த்தியிருக்கிறார். உயில் எழுதி, பிறகு வேறு ஒருவர் மீதிருந்த கோபத்தில் அதை அழித்துவிட்டு, புதிதாக எழுதாமலே இறந்துபோனார். இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள், அவர்களுக்குள் அவ்வளவு சொன்னாலே போதும் என்று ஏற்றுக்கொண்டு, உழைத்தவருக்கே பண்ணையைக் கொடுத்தது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எங்கள் வீட்டு ஆண்களைப் படிப்பதாகவே இருந்தது. ஆனால் அது முப்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகு, மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கிப் பெற்ற நியாயம்; எத்தனை குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகும்?

தொழிலாளர் புள்ளிவிவரங்களிலும் எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் இடம் உண்டு. இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் என்று ஒரு வகையே இருக்கிறது. ஆக, எண்ணுகிறவர்கள் எங்களை எண்ணிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பேரேடுதான் எண்ணவில்லை.

மூன்றாம் தலைமுறைக்கு மேல் குடும்பத் தொழில்களில் பதின்மூன்று விழுக்காடுதான் நிலைக்கின்றன என்று கட்டுரையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைகளை மட்டும் வைத்து 1980களில் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வருவது. நல்ல விலைக்கு வெளியாருக்கு விற்றுவிட்டுப் போன குடும்பங்களும் அதில் நிலைக்காதவர்கள்தான். உலகம் முழுவதற்கும் அதைப் பொருத்துவது சரியல்ல. கி.பி. 578-இல் தொடங்கி 1400 ஆண்டுகளுக்கு மேல் கோயில் கட்டிய ஜப்பானியக் குடும்பத்தையும் வழக்கம்போல் உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். மகன் சரிப்படாதபோது மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயர் சூட்டியும், 1930களில் கணவரை இழந்த ஒரு பெண்மணியைத் தலைவராக்கியும் அவர்கள் தாக்குப்பிடித்ததைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 2006-இல் அதுவும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு முடியாமல் போனபோது அச்சகத்தை நான் ஏற்றேன். அண்ணன் வரமாட்டேன் என்றான். அவன் சொன்னது நியாயம். ஏற்ற முதல் வேலையாகச் சம்பளப் பதிவேட்டில் வீட்டார் பெயரையும் சேர்த்தேன். என் பெயர், என் கணவர் பெயர் (ஞாயிற்றுக்கிழமைகளில் வடிவமைப்பு வேலை பார்க்கிறார்), அம்மா பெயர். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று எழுத வேண்டும். அந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்போமோ அதுதான் கூலி, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கையில் பணம் இல்லாத மாதம் அது அச்சகம் தர வேண்டிய கடனாக அவரவர் பெயரில் வரவாகும். முதலாளி என்ற முறையில் நான் எடுப்பது எடுப்புக் கணக்கில் தனியாகப் போகும்.

முதல் ஆண்டு இறுதியில் ஐந்தொகையைப் பார்த்து அதிர்ந்துபோனேன். எங்கள் கூலியை எல்லாம் எழுதிய பிறகு லாபம் என்று மிஞ்சியது சொற்பம். தாத்தா காலத்திலிருந்து லாபமாகப் பெருமை பேசிவந்ததில் பெரும்பகுதி எங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வாங்காமல் விட்ட கூலி. இது தெரிந்திருந்தால் அப்பா பில் புத்தக வேலைக்கு அத்தனை குறைந்த விலை சொல்லியிருக்க மாட்டார்; ஆஃப்செட் கடன் பற்றிய சண்டைக்கும் வேறு முடிவு வந்திருக்கும். லாபமில்லாத வேலைகளை நான் பிறகு படிப்படியாக விட்டேன். பில் புத்தகம் போனது. அட்டைப்பெட்டி அச்சு வந்தது. கணினியில் கட்டணச் சீட்டு அடிக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் பில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இன்று விற்பதற்கும் ஒன்றும் இருந்திருக்காது.

வீட்டுக்குள் கூலிக் கணக்கு வந்தால் பாசம் கெட்டுவிடும் என்பார்கள். என்னிடமும் சொன்னார்கள், முதலில் சொன்னவர் சித்தப்பா. கணக்கில்லாமலேயே எங்கள் வீட்டில் பாசம் எப்படிக் கெட்டது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்பதால் நான் பதில் சொல்லவில்லை. வரிச் சிக்கல் வரும் என்பது அடுத்த ஆட்சேபம். உறவினருக்கு நியாயமான அளவுக்கு மேல் கொடுத்தால் வரித்துறை கேள்வி கேட்கும், அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. வெளியாளுக்குக் கொடுக்கும் அளவே கொடுத்து, செய்த வேலைக்குப் பதிவும் வைத்திருந்தால் பதில் சொல்வதில் சிரமமில்லை என்று தோழி சொன்னாள். இதுவரை சிரமம் வரவில்லை.

பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்தால் காசாசை வந்துவிடும் என்றும் ஒரு கட்சி உண்டு. அது எனக்கும் கொஞ்சம் உறுத்தியதுதான். என் மகள் பள்ளி விடுமுறையில் அட்டைப்பெட்டிகளைக் கட்டுக் கட்டாக எண்ணி அடுக்குவாள். கட்டுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தேன். இரண்டாம் விடுமுறையில் மணிக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கட்டுப்படியாகவில்லை அம்மா, நான் நூலகத்துக்குப் போகிறேன்" என்று போய்விட்டாள். அவள் வயதில் எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியிருக்காது. சொல்ல வாயும் இருந்ததில்லை. அடுத்த ஆண்டு தானாகவே வந்து, எண்ணுவதற்குப் பதிலாக விலைப்பட்டியலைச் சரிபார்க்கட்டுமா என்று கேட்டாள். அவள் பாட்டியின் கண் அவளுக்கு இருக்கிறது. கூலியைக் கூட்டிக் கேட்டாள், கொடுத்தேன். நாளைக்கு அவள் இந்த அச்சகத்தை எடுத்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டாலும் மறுத்தாலும் அச்சகம் என்ன சம்பாதிக்கிறது, அதில் அவள் உழைப்பு எவ்வளவு என்ற கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாள்.

அம்மா விஷயம்தான் இன்னும் தீரவில்லை. கண் மங்கிவிட்டதால் இப்போது புரூஃப் பார்ப்பதில்லை. பழைய தொகையை நான் அவர் பெயரில் வரவு வைத்ததற்கு அப்பா இறப்பதற்கு முன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். "எழுது, ஆனால் எனக்கு எதிரில் படிக்காதே" என்றார். அம்மா அதிலிருந்து ஒரு காசு எடுக்க மறுக்கிறார். எனக்கெதற்கு, நீயே வைத்துக்கொள் என்கிறார். வைத்துக்கொள்ள முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அது அச்சகத்தின் கடன். நானும் அண்ணனும் எப்போதாவது பங்கு பிரித்தால் அந்தக் கடன் கழிந்த பிறகுதான் பங்கு. அண்ணனும் இதற்கு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். சித்தி கணக்கைச் சித்தப்பா மகன் போட்டுக்கொண்டிருக்கிறான்; விவரம் கேட்டு அவனே தொலைபேசியில் அழைத்தான். அத்தைக்கு என்ன செய்வது என்றுதான் மூவரும் விழித்துக்கொண்டிருக்கிறோம். அவர் கம்போஸ் செய்த காலத்துக்கு வேலைப் பதிவேடும் இல்லை. அவர் நினைவில் இருப்பதை வைத்து எழுதலாம் என்பது என் கருத்து, தோராயமாக ஒரு தொகை போதும் என்பது அண்ணனின் கருத்து.

கட்டுரையில் பேசியிருக்கும் நிறுவன உரிமையாளர்கள் தம் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே கடையில் வளர்ந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடரின் அடுத்த பகுதிக்கு உங்கள் செய்தியாளர் போகும்போது அவர்களிடம் சம்பளப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். அந்தப் பிள்ளைகளின் பெயரும் அவர்கள் தாயாரின் பெயரும் அதில் எந்த ஆண்டு முதல் இருக்கின்றன என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஓர் அச்சகத்தின் மூன்றாம் தலைமுறை